புதுப்பிப்பு: சராசரி நன்றாக இருந்தும் தளம் திணறியது ஏன்

போன தடவை கேட்டது இதுதான்: வெள்ளவத்தையில் இருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்களுக்கு சீட் பதியும் எங்கள் தளம் ஜேமீட்டர் (பலர் ஒரே நேரத்தில் வருவதுபோல் சுமை கொடுத்துப் பார்க்கும் கருவி) சோதனையில் நல்ல சராசரி பதில் நேரம் காட்டுகிறது, ஆனால் தீபாவளி நெருங்கினால் திணறுகிறது, எங்கே தேடுவது?

காரணம் பிடிபட்டுவிட்டது. 99ஆவது பெர்சென்டைலை, அதாவது 100 கோரிக்கையில் 99 எவ்வளவு நேரத்துக்குள் முடிகிறது என்பதை, பாருங்கள் என்றவருக்குப் பெரிய நன்றி. 98 பேருக்கு 0.2 விநாடி, 2 பேருக்கு 10 விநாடி என்றால் சராசரி 0.4தான் வரும், அந்த இருவர் படும் பாடு அதில் தெரியவே தெரியாது.

சிபியு சும்மாதான் இருந்தது. நெரிசல் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலில், அதாவது டேட்டாபேஸுடன் பேசத் திறந்து வைத்து மாறி மாறிப் பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பில். 20 கனெக்‌ஷன், ஒரு கோரிக்கை 0.1 விநாடி பிடித்திருந்தால் விநாடிக்கு 200 கோரிக்கை போகும்; பணம் செலுத்தும் சேவை பதில் சொல்லும்வரை கனெக்‌ஷனை விடாமல் வைத்திருந்ததால் அது 2 விநாடியாகி, உச்சம் வெறும் 10க்கு இறங்கி, மிச்சப்பேர் எல்லாம் வரிசையில். சோதனையில் நிஜப் பணச் சேவைக்குப் பதிலாக இருந்த போலிச் சேவை உடனே பதில் சொல்லும், அதனால் அங்கே இது வெளிவரவில்லை.

இப்போது பணம் கேட்கும் முன்பே கனெக்‌ஷனை விட்டுவிடுகிறோம், போலிச் சேவைக்கும் நிஜமான தாமதம் வைத்தாயிற்று. அப்புறம், இரவு முழுக்கச் சுமை கொடுத்து மெமரி கசிகிறதா (எடுத்த மெமரியை விடாமல் கூடிக்கொண்டே போகிறதா) என்று பார்க்க வேண்டும்.