மூன்று தேதிகளில் நின்ற என் ஆனர்ஸ் ஆய்வேடு

குடியாத்தத்திலிருந்து:

வணிகவியல் ஆனர்ஸ் நாலாம் ஆண்டு ஆய்வேடு எழுதியதைப் பற்றி இரண்டு மூன்று தங்கைகள் கேட்டிருந்தார்கள். வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்து பத்து நாள் ஆகிறது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் முதலில் வைத்த தலைப்பு ‘வேலூர் மாவட்டத் தோல் தொழிலின் பிரச்சினைகளும் வாய்ப்புகளும்’. கைடு சார் அதைப் படித்துவிட்டு இரண்டு கேள்விதான் கேட்டார். “எந்த ஊருக்கெல்லாம் போகப் போற?” ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றேன். “2019-ல மாவட்டம் மூணாப் பிரிஞ்சதுல ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு. ராணிப்பேட்டை தனி மாவட்டம். நீ சொன்னதுல ஒண்ணுகூட வேலூர் மாவட்டம் இல்லையேம்மா” என்றார். அடுத்த கேள்வி: “பிரச்சினைன்னு போட்டிருக்கியே, யாரோட பிரச்சினை?” எனக்குப் பதில் வரவில்லை. யாருடைய பிரச்சினை என்று எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் வீட்டில் லுங்கித் தறி. சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பது என்ன என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ‘பாக்கி’ என்ற சொல் எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும். அந்த வாரம் பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது, ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் இதே நிலையில்தானே இருப்பார்கள் என்று. பெரிய கம்பெனி தோலை வெட்டித் தரும், இவர்கள் தைத்துத் திருப்பித் தருவார்கள், கூலி பிறகு வரும். எத்தனை நாள் பிறகு? அதுதான் என் ஆய்வு.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரிச் சட்டத்துக்குள் 43பி(எச்) என்ற பிரிவு வந்த பிறகு, குறு, சிறு யூனிட்டுக்குக் கெடு தாண்டித் தரும் தொகையை, அதைக் கட்டிய வருடத்தில்தான் வாங்கிய கம்பெனி செலவாகக் காட்ட முடியும். இவ்வளவு இருந்தும் பணம் எப்போது வருகிறது என்று பார்ப்பதே ஆய்வாகும் என்று சார் சொன்னார். சரி என்று கேள்வித்தாள் தயார் செய்தேன்.

இங்கேதான் நான் மூன்று மாதம் இழந்தேன். எல்லாரும் செய்வதுபோல ஐந்து புள்ளி அளவுகோலில், அதாவது எவ்வளவு ஒப்புக்கொள்கிறோம் என்று ஐந்து பதிலில் ஒன்றை டிக் செய்யும்படி, 24 வாக்கியம். ‘பணம் தாமதமாக வருவதால் என் தொழில் பாதிக்கப்படுகிறது’, ‘கம்பெனிகள் குறித்த நாளில் பணம் தருவதில்லை’, இந்த மாதிரி. முன்னோட்டமாக 30 பேரிடம் வாங்கி எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால் க்ரான்பாக் ஆல்ஃபா, அதாவது பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எண், 0.9-க்கு மேல் வந்தது. 0.7 இருந்தாலே போதும் என்று படித்திருந்தோம் இல்லையா, நான் சந்தோஷமாக ஓடிப் போய்க் காட்டினேன். சார் அந்த 30 தாளையும் மேசையில் பரப்பி வைக்கச் சொன்னார். பாதிக்கு மேல் ஒரே நெட்டுக்கு டிக். மேலிருந்து கீழே வரை ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’. எல்லா வாக்கியத்துக்கும் சேர்த்து ஒருவர் ஒரே பதிலைப் போட்டால் ஆல்ஃபா ஏறத்தான் செய்யும். அந்த எண் சொன்னது தாளில் ஒரே மாதிரி டிக் இருக்கிறது என்பதை மட்டும்தான். எண்ணைப் பார்ப்பதற்கு முன் தாளைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஆம்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் ஒரு பாயைப் பார்த்தேன். வீட்டின் கீழ்த்தளத்தில் பதினைந்து தையல் மெஷின் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை முடிந்து வந்த நேரம். தம்பி என்னுடன் துணைக்கு வந்திருந்தான். கேள்வித்தாளைக் கண்ணாடி போட்டுப் பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“இன்னாம்மா இது? எல்லாத்துக்கும் ஆமான்னுதான் போடணும். லேட்டா வருதான்னு கேட்டா, வருது. எத்தினி நாளு லேட்டுன்னு நீ கேக்கவே இல்லியே.”

மேசை டிராயரிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தார். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரு தடவை அனுப்பும் சரக்குக்கு, ஒரு வரி. டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) எழுதிச் சரக்கு போன தேதி, எத்தனை ஜோடி, பில் போட்ட தேதி, பேங்கில் பணம் ஏறிய தேதி. அவர் கையெழுத்தில், பென்சிலில். ஒரு வரியைக் காட்டினார். டிசி செப்டம்பர் 17, பில் அக்டோபர் 6, பணம் நவம்பர் 18.

நான் அங்கேயே உட்கார்ந்து எண்ணினேன். பில் தேதியிலிருந்து எண்ணினால் 43 நாள், கெடுவுக்குள். டிசி தேதியிலிருந்து எண்ணினால் 62 நாள், கெடு தாண்டியது. பில்லை ஏன் இத்தனை நாள் கழித்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். கம்பெனி சரக்கைப் பார்த்து, ரிஜெக்ட் கழித்து, ‘இப்போ பில் போடு’ என்று போனில் சொன்ன பிறகுதான் போட முடியும் என்றார். அதுவரை தையல்காரர்களுக்கு சனிக்கிழமை கூலி அவர் கையிலிருந்துதான், இல்லாவிட்டால் கடன் வாங்கித்தான். புகார் கொடுக்க அரசு வழி இருக்கிறதே, சமாதான் இணையதளம் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். “அதுல கேஸு போட்டா இந்தப் பணம் வரும்மா. அடுத்த ஆர்டர் வராது.”

அன்று ராத்திரி சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஏற்றுக்கொண்ட நாள் என்றால் சரக்கு கைக்குச் சேர்ந்த நாள்தான். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால் மட்டும் அது தீர்ந்த நாள். போனில் சொல்வது எழுத்து ஆகாது. அப்படியென்றால் டிசியோடு சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், பில் தேதி கணக்கிலேயே வராது. பாய்க்கும் கம்பெனிக்கும் எழுத்தில் ஒப்பந்தம் ஏதும் இல்லாததால் 45 கூட இல்லை, 15 நாள்தான் கெடு. திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “24 வாக்கியத்தையும் எடுத்துடு. மூணு தேதி மட்டும் கேளு” என்றார்.

மறுபடி முதலிலிருந்து. ஆனால் அலைந்தது வீண் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. நோன்பு மாதம் வந்ததால் ஒரு மாதம் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார், அந்த மாதத்தில் இரண்டாம் அத்தியாயம் எழுதினேன். நோட்டு காட்டியவர்கள் 22 பேர்தான். எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லும் மாதிரி அளவு அட்டவணையில் 384 பேர் என்று பார்த்துப் பயந்தேன். ஆனால் ஒவ்வொரு நோட்டிலும் ஒரு வருடத்து வரிகள் இருந்தன. நான் ஆராய்ந்தது ஆட்களை அல்ல, லாட்டுகளை. இதை முறையியல் அத்தியாயத்தில் தெளிவாக எழுதிவிட்டால் போதும் என்றார் சார். ஒரு பில் ஒரு வருடம் இழுத்துவிட்டால் சராசரியே கெட்டுப்போகும், அதனால் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை எண்ணைத்தான் முன்னால் வைத்தோம்.

ஆய்வேடு மற்றவர்கள் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்திருக்கிறது என்று காட்டும் ஒப்புமை அறிக்கை வந்தபோது மட்டும் அழுதுவிட்டேன். யுஜிசி 2018 விதிப்படி 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை, எனக்கு அதைத் தாண்டிவிட்டது. சார் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். சட்டப் பிரிவுகளை வார்த்தை மாறாமல் கொடுத்திருந்தேன். சட்ட வாசகங்களை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே விதியில் இருக்கிறது. அதைக் கழித்தபின் மிஞ்சியது இரண்டாம் அத்தியாயத்தில் நான் சோம்பலில் அப்படியே எடுத்த பத்திகள். அவற்றை மூடி வைத்துவிட்டுப் புரிந்ததை என் வார்த்தையில் எழுதினேன். நாலு நாள் ஆனது.

வரம்புகள் பற்றிய பகுதியை சார் மூன்று தடவை திருப்பி அனுப்பினார். வீட்டில் உட்கார்ந்து கையால் அப்பர் தைக்கும் பெண்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவர்களிடம் டிசியும் இல்லை, பில்லும் இல்லை. அதை ஒரு வரியில் முடித்திருந்தேன். ஒரு பக்கம் எழுத வைத்தார். வைவாவில் வெளியாசிரியர் கேட்டது பெரும்பாலும் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

ராணிப்பேட்டையிலிருந்து:

தங்கை எழுதியதைப் படித்ததும் என் 2004 ஞாபகம் வந்தது. நான் பகுதிநேரமாக எம்.ஃபில் செய்தேன். இப்போது அந்தப் படிப்பையே யுஜிசி 2022-ல் நிறுத்திவிட்டது. அன்றைக்கு ஜிஎஸ்டி இல்லை, வாட் கூட வரவில்லை, விற்பனை வரிதான். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறைக்கு ஃபைலோடு போனேன். பேன்ட், ஷூ, கையில் ஃபைல். முதலாளி எழுந்து நின்று டீ வாங்கிவரச் சொன்னார். நான் எதைக் கேட்டாலும் “எல்லாம் கரெக்டா கட்டிட்டோம் சார்” என்றார். வரி ஆபீஸ் ஆள் என்று நினைத்துவிட்டார் என்பது எனக்குப் புரியவே அரை மணி நேரம் ஆனது. அந்தத் தாளை நான் ஆய்வில் சேர்க்கவில்லை. பயத்தில் சொன்ன பதில் அது.

அடுத்த தடவை வேட்டி சட்டையில், அவருக்குத் தெரிந்த ஒரு ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போதுதான் பேசினார். கை-ஸ்கொயர் (chi-square) என்ற புள்ளியியல் சோதனையெல்லாம் கால்குலேட்டரில்தான் போட்டேன், அதற்கு இரண்டு வாரம் போனது. ஆனால் அந்தப் பட்டறைக்காரரிடம் திரும்பிப் போன அந்த ஒரு நாள்தான் என் ஆய்வேட்டில் உருப்படியான நாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வேலூரிலிருந்து, ஒரு கைடு:

நான் பதினெட்டு வருடமாக மாணவர்களுக்கு வழிகாட்டுகிறேன். இந்தப் பக்கத்து அனுபவத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஒரு வருடம் ஒரு பையன் 150 தாள் கொண்டுவந்து வைத்தான். எல்லாத் தாளும் ஒரே நீல மை, டிக் எல்லாம் ஒரே சாய்வு, ஒரு தாள்கூட மடங்கவில்லை. கடைத்தெருவில் வாங்கிய தாளில் எண்ணெய்க் கறையாவது இருக்கும். நான் திட்டவில்லை. எந்தெந்தக் கடைக்குப் போனாய் என்று மட்டும் கேட்டேன். தலை குனிந்துகொண்டான். அப்பா இறந்த பிறகு அவன்தான் சாயந்திரம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்து வீட்டைக் காப்பாற்றுகிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறு மாதம் என் கீழ் இருந்த பையன், நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அது என் தவறு. பிறகு அவன் வேலை பார்த்த தெருவிலேயே 20 கடையை எடுத்துக்கொண்டு, கடைக்காரர்கள் யுபிஐ வாங்குவதைப் பற்றி நேர்மையாக ஒரு சின்ன ஆய்வு செய்தான். அவன் ஆய்வேட்டை இன்னும் என் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேலை நடக்கவில்லை என்று வெட்கப்பட்டு கைடைப் பார்க்காமல் இருக்காதீர்கள். ஒன்றும் எழுதாத வாரத்திலும் வந்து ஐந்து நிமிடம் உட்காருங்கள். காரெட் (Garrett) முறையில் தரவரிசை போடலாமா, சதவீதம் போடலாமா என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் குடியாத்தம் பெண்ணுக்கு ஒரு கேள்வி: கணக்கு நோட்டை யாரும் வெளியாருக்குக் காட்ட மாட்டார்களே, எப்படிம்மா கேட்டாய்?

குடியாத்தத்திலிருந்து:

மேடம், முதலில் யாரும் காட்டவில்லை. நான் ஒரு பக்கத்தில் தமிழில் கடிதம் எழுதினேன். கம்பெனி பெயர் எழுத மாட்டேன், தொகை எழுத மாட்டேன், தேதி மட்டும்தான், நோட்டைப் போட்டோ எடுக்க மாட்டேன் என்று. கீழே என் கையெழுத்து, சார் கையெழுத்து. உருது படிக்கிறவர்களுக்குத் தோழி ஒருத்தி உருதுவில் எழுதித் தந்தாள். தொகை வேண்டாம் என்று சொன்னதும்தான் பலர் டிராயரைத் திறந்தார்கள். சிலர் அவர்களே தேதியைப் படிக்கப் படிக்க நான் எழுதிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போய் அந்த பாய்க்கு ஒரு பிரதி கொடுத்தேன். மூன்று ஸ்பைரல் பைண்டிங் போட்டதில் ஒன்று. அவர் மனைவி தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். பாய் நேராக நான் உதாரணம் காட்டிய பக்கத்துக்குப் போனார், பெயர் இல்லாவிட்டாலும் தன் லாட்டை அடையாளம் கண்டுகொண்டார். எழுந்துபோய் நோட்டை எடுத்து வந்தார். விரலை வைத்துப் பார்த்தார்.

“இது 17 இல்லம்மா. 19. பென்சில் அழிஞ்சிருக்கு.”

எட்டிப் பார்த்தேன். 19-தான். 62 நாள் இல்லை, 60 நாள். ராத்திரியே சாருக்குச் சொன்னேன். துறை நூலகப் பிரதியில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டலாம், எழுதிக்கொண்டு வா என்றார். பாயின் பிரதியில் அங்கேயே அவர் பென்சிலை வாங்கித் திருத்திக் கொடுத்துவிட்டேன்.