கலைச்சொல்: ‘சராசரிப் பின்னடைவு’க்குப் பதில் ‘இயல்மீள்வு’

குழுவினருக்கு வணக்கம்.

> சீசன் தொடக்கத்தில் எகிறிய பேஸ்பால் அணி பிறகு இறங்குவதற்குச் ‘சராசரிப் பின்னடைவு’ என்றே வைத்துக்கொள்ளலாம். ‘regression to the mean’ என்ற புள்ளியியல் சொல்லுக்கு நேரான பெயர்ப்பு.

இதை ஏற்க மனம் வரவில்லை. ‘பின்னடைவு’ என்றதும் தமிழ்க் காதில் விழுவது வாக்கு எண்ணிக்கை நாள் செய்தி: இன்னார் முன்னிலை, இன்னார் பின்னடைவு. அந்தச் சொல் ஒரு திசையை மட்டும்தான் காட்டும். நாம் பெயர் தேடும் நிகழ்வுக்கோ இரண்டு திசை உண்டு.

அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 2023இல் 20–8 (20 வெற்றி, 8 தோல்வி) என்று தொடங்கியது. யாரும் எதிர்பார்க்காத அணி. மீதி 134 ஆட்டங்களில் 56ஐத்தான் வென்றது, முடிவு 76–86. இது பின்னடைவுதான், சரி. ஆனால் 1988இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் 21 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றது. அப்புறம் ஆடிய 140இல் 54 வெற்றி. பூஜ்யத்திலிருந்து நூற்றுக்கு 39 அளவுக்கு ஏறிய அணியைப் ‘பின்னடைந்தது’ என்று எப்படி எழுதுவது? இரண்டு அணிகளுக்கும் நடந்தது ஒன்றுதான். தொடக்கத்தில் கணக்கைத் திரித்துக் காட்டிய அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ அதே அளவில் மறுபடி வாய்க்கவில்லை.

ஓரியோல்ஸ் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அது ஏறியது, ஆனால் பாதி வெற்றி, பாதி தோல்வி என்ற சரிபாதிக்கு வரவில்லை. அந்த ஆண்டு அது மெய்யாகவே பலவீனமான அணி. 54–107 என்று முடித்தது. அது திரும்பிய இடம் லீக்கின் சராசரி அல்ல, தன் சொந்த மட்டம். டெட்ராய்ட் டைகர்ஸ் 1984இல் 35–5 என்று தொடங்கி, மீதியில் 69–53 என்று ஆடி, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரையும் வென்றது. வேகம் குறைந்தது உண்மை, ஆனால் அதன் மட்டமே உயரம். ஆகவே ‘பின்னடைவு’ மட்டுமல்ல, ‘சராசரி’யும் இங்கே இடறுகிறது.

புள்ளியியலில் இந்தச் சொல் வந்த வழியைப் பார்த்தாலும் இது புரியும். பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு எழுதியபோது, மிக உயரமானவர்களின் பிள்ளைகள் அவ்வளவு உயரமில்லை, மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் அவ்வளவு குட்டையில்லை என்று இரண்டையும் கண்டார். அவர் வைத்த ‘regression’ (பின்னோக்கிச் செல்லுதல்) என்ற பெயர்தான் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்வைத் தமிழிலும் சுமக்க வேண்டாம். நம் பாடநூல்களில் உள்ள ‘தொடர்புப் போக்கு’ இரு மாறிகளுக்கு இடையே கோடு வரைவதற்கு நல்ல சொல், இங்கே உதவாது.

‘மட்டமடைதல்’ என்று ஒரு யோசனை வந்தது. ‘மட்டமான ஆட்டம்’ என்ற பேச்சு வழக்கு உடனே குறுக்கே நிற்கிறது. ‘நடுநாட்டம்’ அழகாக ஒலிக்கிறது, ஆனால் ‘நாட்டம்’ என்றால் ஏதோ ஒரு விசை பிடித்து இழுப்பது போல ஆகிவிடும். அப்படி எந்த விசையும் இல்லை. மில்வாக்கி புரூவர்ஸின் 1987ஐப் பாருங்கள். ஏப்ரல் 19, ஈஸ்டர் ஞாயிறு, சொந்த மைதானம். டெக்சஸ் அணியிடம் கடைசியான 9ஆம் இன்னிங்ஸில் 1–4 என்று பின்தங்கியிருக்கிறார்கள். ராப் டியர் அடித்த ஹோம் ரன்னில் மூன்று ரன் வந்து சமநிலை. கொஞ்ச நேரத்தில் டேல் ஸ்வேம் இன்னொன்று அடிக்க, 6–4. தொடர்ந்து 12ஆவது வெற்றி! மறுநாள் 13 ஆயிற்று. 20–3 வரை போன அதே அணி, மே மாதத்தில் வரிசையாக 12 ஆட்டங்களைத் தோற்றது. அந்த 12 தோல்வியும் 13 வெற்றிக்கு விதித்த தண்டனை என்று நினைப்பதுதான் தவறு. முதல் 23 ஆட்டங்களை விட்டுவிட்டு எண்ணினால் 71–68. ஏறக்குறைய சரிபாதி அணி. ஈஸ்டர் நாள் ஹோம் ரன்களில் திறமையும் இருந்தது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததும் இருந்தது. பனம்பழம் தினமும் விழாது, அவ்வளவுதான்.

இதனால்தான் ‘இயல்மீள்வு’ என்கிறேன். அணியின் மெய்யான ஆற்றல் ‘இயல்மட்டம்’. முடிவுகள் அதன் அருகே வந்து சேர்வது ‘இயல்மீள்வு’. ‘மீள்’ என்பதில் நலம் பெறும் சாயல் இருக்கிறதே என்று ஒரு அம்மையார் கேட்டிருந்தார். ‘மீட்சி’யில் அது உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஊர் மீண்டார்’ என்பதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. புறப்பட்ட இடத்துக்கு வந்தார் என்பது மட்டும்தான். வினையாகவும் ஓடுகிறது: “பைரேட்ஸ் ஜூனுக்குள் இயல்மீண்டது”, “இந்த அணி இயல்மீளும், பயிற்சியாளரை மாற்ற அவசரம் வேண்டாம்.” வினையாக வளையாத கலைச்சொல் எழுதுகிறவர் கையில் நிற்காது என்பது என் அனுபவம்.

ஒரு எச்சரிக்கையை விளக்கக் குறிப்பிலேயே சேர்க்க வேண்டும். வாஷிங்டன் நேஷனல்ஸ் 2019இல் 19–31 என்று கிடந்து, மீதியில் 74–38 என்று ஆடி உலகத் தொடரை வென்றதே, அதை முழுக்க இயல்மீள்வு என்று எழுதிவிடக் கூடாது. விரல் முறிந்து ஏப்ரல் தொடக்கத்திலிருந்து வெளியே இருந்த ட்ரே டர்னர் மே நடுவில்தான் திரும்பினார். ஆள் மாறினால் இயல்மட்டமே மாறும். அது வேறு நிகழ்வு.

முடிவு கட்டப் போதாத குறைந்த எண்ணிக்கை ஆட்டங்களைக் குறிக்கும் ‘சிறுகூறு’ (small sample) பற்றியும் கேட்டிருந்தீர்கள். சரிபாதி ஆற்றலுள்ள அணி 28 ஆட்டம் ஆடினால் வெற்றி எண்ணிக்கையின் திட்ட விலக்கம், அதாவது சராசரியான 14இலிருந்து வழக்கமாக விலகும் அளவு, சுமார் 2.6. ஆகவே 17–11, 11–17 இரண்டுமே அந்த அணிக்குச் சாதாரணம். 162 ஆட்டச் சீசனில் ஏப்ரல் முழுவதும் சிறுகூறுதான். அந்தச் சொல் எனக்குச் சம்மதம், அப்படியே ஏற்றிவிடலாம்.

‘இயல்மீள்வு’க்கு மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு, அதன் வினை வடிவத்தில் ஒரு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள். ஓரியோல்ஸுக்கும் பைரேட்ஸுக்கும் ஒருசேரப் பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்.