கேம்பர் வண்டியில் பந்திப்பூர்: ராத்திரி எங்கே நிற்பது?

பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு கேம்பர் வண்டி (படுக்கை, கழிப்பறையெல்லாம் உள்ளேயே இருக்கும் வாடகை வண்டி) எடுத்துக்கொண்டு, கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்துக்குப் போகலாமா என்று பலரும் கேட்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், ராத்திரி அதை எங்கே நிறுத்தித் தூங்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

வெளிநாட்டு வீடியோக்களில் பூங்காவுக்குள்ளேயே வண்டியை நிறுத்தி, நாற்காலி போட்டு, அடுப்பு மூட்டிச் சமைப்பதைப் பார்த்திருப்பீர்கள். யெல்லோஸ்டோன் மாதிரி இடங்களில் அதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பழக்கம் கிடையாது. பந்திப்பூர் காட்டுக்குள் சொந்த வண்டியில் சுற்ற முடியாது. காட்டை ஊடறுத்துப் போகும் நெடுஞ்சாலையில் ஓரங்கட்டி நிற்கவும் கூடாது. குண்டல்பேட்டையிலிருந்து ஊட்டிக்குப் போகும் சாலை, வயநாட்டுக்குப் போகும் சாலை இரண்டையும் இரவு 9 மணிக்கு மூடி, காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். 2009 முதல் இந்தத் தடை இருக்கிறது. ஆம்புலன்ஸ் மாதிரி அவசர வண்டிகளுக்கும் ஒரு சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும்தான் விலக்கு. இது நல்ல தடை என்பது என் உறுதியான கருத்து. ராத்திரியில் அடிபட்டுச் செத்த மான்களையும் மற்ற விலங்குகளையும் பார்த்துத்தான் இதைக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் வீட்டில் கேம்பர் என்று முடிவானதற்கு அப்பாவின் முழங்கால்தான் காரணம். அவரால் அரை மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை, அடிக்கடி கழிப்பறை வேண்டும். படுக்கையும் கழிப்பறையும் கூடவே வந்தால் இருவரும் நிம்மதியாக வருவார்கள் என்று நானும் மனைவியும் நினைத்தோம். அப்படியே நடந்தது.

தங்குவதற்குக் குண்டல்பேட்டைக்கு இந்தப் பக்கம், காட்டுக்கு வெளியே, ஒரு தோட்ட வீட்டைப் பிடித்தோம். அறை வேண்டாம், காம்பவுண்டுக்குள் வண்டி நிற்க இடம் மட்டும் போதும் என்றதும் உரிமையாளர் முதலில் யோசித்தார். அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏசி ஓடுகிற அளவுக்குப் பெரிய பிளக், 16 ஆம்பியர், வெளியே இருக்கிறதா? குழாயிலிருந்து தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாமா? கேட்டுக்கு மேலே தாழ்ந்த கிளையோ மின்கம்பியோ போகிறதா? கழிப்பறைத் தொட்டியை உங்கள் செப்டிக் டேங்கில் கொட்ட விடுவீர்களா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, கூச்சப்படுகிறார்கள். கேட்டே ஆக வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அந்தத் தொட்டி சீக்கிரமே நிறைந்துவிடும். அதை ஓடையிலோ சாலையோரத்திலோ திறந்துவிடுவது மன்னிக்க முடியாத காரியம். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே இருக்கும் ஊர் குடிக்கிறது.

விடியுமுன் கிளம்பினோம். மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் உயரமான வண்டியைப் பக்கவாட்டுக் காற்று நன்றாகவே தள்ளும். ஓட்டுநர் 80ஐத் தாண்டவே இல்லை. நீங்களும் அவரை அவசரப்படுத்தாதீர்கள். நஞ்சன்கூட்டில் இறங்கி ஸ்ரீகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, அம்மா கட்டி வந்த இட்லியை வண்டிக்குள்ளேயே சாப்பிட்டோம். குண்டல்பேட்டைக்கு அப்புறம், காட்டுச் சாலையில் வேகத்தடைகள் அடுக்கடுக்காக வரும். ஒவ்வொன்றிலும் அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கலகலவென்று சத்தம் போட்டன. அம்மா எல்லாவற்றையும் துண்டில் சுற்றி மெத்தைக்கு அடியில் செருகினார்.

அந்தச் சாலையில்தான் யானைகளைப் பார்த்தோம். எதிரே ஒரு கார் விளக்கை அணைத்துவிட்டு அப்படியே நின்றது. எங்கள் ஓட்டுநரும் ஹாரனைத் தொடாமல், நல்ல இடைவெளி விட்டு நிறுத்தினார். இடது பக்கம், சாலையிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பெண் யானை புல் பிடுங்கிக்கொண்டிருந்தது. தும்பிக்கையால் ஒரு கொத்தைச் சுருட்டி இழுக்கும், வேரில் ஒட்டிய மண் போகும்வரை முன்னங்காலில் பட் பட் என்று அடிக்கும், அப்புறம்தான் வாய்க்குப் போகும். குட்டி அதைப் பார்த்துத் தானும் ஒரு கொத்தைப் பிடுங்கி ஆட்டியது, ஆனால் மண்ணோடு தின்றுவிட்டது. மகள் மூச்சுக்கூட விடவில்லை. பின்னால் வந்த ஒரு வண்டியிலிருந்து இரண்டு இளைஞர்கள் செல்போனோடு இறங்கிவிட்டார்கள். பெண் யானை மேய்வதை நிறுத்திவிட்டுக் காதை விரித்தது. அந்த நேரம் வனத்துறை ஜீப் வந்து, "காடி நில்ஸ்பேடி, ஹோகி ஹோகி" (வண்டியை நிறுத்தாதீர்கள், போங்கள் போங்கள்) என்று எல்லோரையும் கிளப்பியது. இறங்கியவர்களுக்கு அபராதம் போட்டார்கள். போடத்தான் வேண்டும். குட்டியோடு இருக்கும் யானை துரத்தினால் உயரமான வண்டியை அங்கே திருப்பவே முடியாது, பின்னோக்கிப் போக மட்டும்தான் வழி.

சஃபாரிக்கு மேலுகாமனஹள்ளியில் வனத்துறை பேருந்து ஏறினோம். 2022 கணக்கெடுப்பில் பந்திப்பூரில் 150 புலிகள், ஆனாலும் எங்களுக்கு ஒன்றும் காட்சி தரவில்லை. பார்த்தது செந்நாய்க் கூட்டம். புள்ளிமான்கள் கத்த ஆரம்பித்ததும் ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். உண்ணிச்செடிப் புதரிலிருந்து செந்நாய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, எங்களைக் கண்டுகொள்ளாமல் சாலையைக் கடந்தன. அந்த உண்ணிச்செடி காடு முழுக்கப் பரவிப் புல்லை அழிப்பதைப் பார்க்க மனசு கனத்தது. மனித-விலங்கு மோதல் கூடியதால் 2025 நவம்பரில் பந்திப்பூர், நாகரஹொளே இரண்டிலும் சஃபாரியையே நிறுத்திவைத்தார்கள். ஆகவே கிளம்புமுன் சஃபாரி நடக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பந்திப்பூரிலேயே இருக்கும் கோபாலசாமி கோயில் மலைக்கும் கேம்பர் ஏறாது. வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு அரசுப் பேருந்தில்தான் போக வேண்டும். அப்பா ஜன்னலோர இடம் பிடித்து, மேலே போகும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

ஜெயநகரிலிருந்து ஒரு பதில்

நாங்கள் போனது கபினி பக்கம், ஏப்ரல் கடைசியில். அணைத் தண்ணீர் பின்வாங்கி, காய்ந்த படுகையில் பச்சைப்புல் முளைத்திருந்தது. காட்டுக்குள் குட்டைகள் வற்றிவிடுவதால் யானைகள் எல்லாம் அங்கேதான் வரும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூட்டம் கூட்டமாக நின்றதைப் பார்த்து என் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எச்.டி. கோட்டையிலிருந்து பாவலி வழியாக மானந்தவாடிக்குப் போகும் சாலை மாலை 6 மணிக்கே மூடிவிடும். பந்திப்பூர் மாதிரி 9 மணி என்று நினைத்து, கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டிருந்தது. அவர்களை எங்கள் தங்கும் இடத்துக்கே கூட்டிப்போய் இடம் கேட்டுக் கொடுத்தோம்.

கே.ஆர். புரத்திலிருந்து ஒரு பதில்

கோயம்புத்தூருக்குச் சாம்ராஜ்நகர், ஆசனூர், திம்பம் வழியாகக் கேம்பரில் போனோம். காராப்பள்ளம் பக்கம் கரும்பு லாரி வருமென்று யானைகள் சாலையிலேயே காத்து நிற்கும். எங்களுக்கு முன்னால் போன லாரியை ஒரு யானை மறித்து, ஒரு கட்டு கரும்பை உருவிக்கொண்டுதான் வழி விட்டது. சாப்பாட்டு வாசனை வெளியே போகாதபடி ஜன்னல்களை மூடிவிட்டுக் காத்திருந்தோம். வண்டிக்குள் கரும்பு, பலாப்பழம், வாழைத்தார் எதுவும் வைக்காதீர்கள். கூரை ஜன்னலையும் சாத்தி வையுங்கள், அந்த இடுக்கிலேயே குரங்கு கையை விடும். அப்புறம் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பின்படுக்கையில் யாரையும் படுக்க வைக்காதீர்கள், உருண்டுவிடுவார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். டிசம்பரில் இரண்டு வயதுப் பையனோடு பந்திப்பூர் வழியாக ஊட்டிவரை போகலாமா?

மறுபடியும் நான்

பந்திப்பூர்வரை தைரியமாகப் போங்கள். டிசம்பர் ராத்திரியில் குண்டல்பேட்டைப் பக்கம் ஏசி தேவைப்படாது, கம்பளி வேண்டும். ஜன்னலில் கொசுவலை கிழியாமல் இருக்கிறதா என்று வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே தடவிப் பாருங்கள்.

ஊட்டி என்றால் மசினகுடி வழியாகக் கல்லட்டி ஏறும் யோசனை வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவு, ஏற்றமும் கடுமை, நிறைந்த தண்ணீர்த் தொட்டியோடு இருக்கும் வண்டிக்கு அது ஆகாது. கூடலூர் வழி சுற்றுதான், ஆனால் நிதானமான சாலை. நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் அங்கே தடை, பையனுக்கு எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டி என்பதால் தமிழ்நாட்டுக்குள் போக பர்மிட், வரி கட்டியாகிவிட்டதா என்று வண்டிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, ரசீது நகலை உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.