மொய் ஆப்பும் வக்கீல் மாமாவும்

பெரியப்பா: ஞாயிறு உசிலம்பட்டியில் வக்கீல் மாமா பேத்திக்குக் காதுகுத்து. அவர் நமக்கு எவ்வளவு செய்திருக்கிறார்? தம்பி, உன் ஆப்பில் பார்த்துச் சொல்.

சின்னவன்: 501 பெரியப்பா

மில் சித்தப்பா: 501ஆ?? பெரியவள் கல்யாணத்துக்கே 5,001. நோட்டில் எழுதினவன் நான்.

அத்தை: கூடவே ஒரு குத்துவிளக்கு

சித்தி: அந்த விளக்கு இப்போது யார் வீட்டில் என்று கேட்கலாமா

அத்தை: 🙄

பெங்களூர் அக்கா: டேய், எதில் வைத்திருக்கிறாய்?

சின்னவன்: ஜாவா ஹேஷ்மேப், பெயரைக் கொடுத்தால் தொகையைத் தரும் அட்டவணை. பெயர் கீ, தொகை வேல்யூ.

பெங்களூர் அக்கா: அதுதான் வினை. ஒரு கீக்கு ஒரு வேல்யூதான் நிற்கும். அதே பெயரில் மறுபடி புட் செய்தால், அதாவது எழுதினால், பழையது சத்தமில்லாமல் போய்விடும், எர்ரரும் வராது. கிரகப்பிரவேசத்து 501 வந்து கல்யாணத்து 5,001ஐ அழித்துவிட்டது. வேல்யூவில் அர்ரேலிஸ்ட் வை, சேர்க்கச் சேர்க்க நீளும் பட்டியல். வெறும் அர்ரே வேண்டாம், அதற்கு முதலிலேயே அளவு சொல்லவேண்டும். மாமா எத்தனை தரம் மொய் வைப்பார் என்று யார் கண்டது? கம்ப்யூட்-இஃப்-ஆப்சென்ட் போடு. பெயர் இல்லையென்றால் புது லிஸ்ட் உண்டாக்கும், இருந்தால் பழையதையே கொடுக்கும். அதில் ஆட் செய். ஜாவா 8லிருந்தே இருக்கிறது.

பெரியப்பா: எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்

சின்னவன்: மாற்றிவிட்டேன். வக்கீல் மாமா மொத்தம் 3,84,000

மில் சித்தப்பா: அவ்வளவு செய்கிற கையா அது 😂

சித்தி: எங்கள் அம்மா பெயரிலும் 3,84,000 காட்டுகிறதே

பெங்களூர் அக்கா: கம்ப்யூட்-இஃப்-ஆப்சென்ட் போட்டாய், சரி. லிஸ்டை, பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றும் லூப்புக்கு வெளியே ஒரே தரம் நியூ செய்து (புதிதாக உண்டாக்கி) அதையே உள்ளே கொடுத்திருப்பாய். எல்லாப் பெயருக்கும் அந்த ஒரு லிஸ்ட்தான். நியூவை லாம்டாவுக்குள், அதாவது கம்ப்யூட்-இஃப்-ஆப்சென்டுக்குக் கொடுக்கிற குட்டி ஃபங்ஷனுக்குள், எழுது.

மில் சித்தப்பா: பாண்டி என்று நம்மில் நாலு பேர் உண்டு. அதை என்ன செய்வாய்?

பெங்களூர் அக்கா: ஊரையும் சேர்த்துக் கீ ஆக்கணும்

அத்தை: மேலூர்ப் பாண்டி இன்னும் நமக்குத் திருப்பிச் செய்யவில்லை

சின்னவன்: இப்போது சரி. 5,001, 501. மொத்தம் 5,502. விளக்குக்கு இடமில்லை.

பெரியப்பா: 6,001 எழுதிவிடலாமா?

சித்தி: எங்கள் அம்மா வீட்டு விசேஷத்துக்கு 1,001தான் எழுதினீர்கள்

மில் சித்தப்பா: வேனில் எத்தனை சீட்?

பெரியப்பா: வேன் இன்னும் பேசவில்லை. மொய்யை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.