கொசுத்தேனீ அரக்கில் செம்மஞ்சள் பிசின்: எந்த மரம்?

மாத்தளை இறத்தோட்டைப் பக்கம், லயச் சுவரில் இருக்கும் கொசுத்தேனீக் (கொடுக்கில்லாச் சின்னத் தேனீ) கூட்டின் அரக்கு இது, அதாவது தேனீ மரப்பிசினையும் மெழுகையும் கலந்து பூசும் பசை. (பெட்டித் தேனீ பிசின் சேர்ப்பது அபூர்வம், அதில் தேடிப் பயனில்லை.) மாசி வெயிலில் வாசல் குழாயில் புதிதாகப் பூசியது செம்மஞ்சள் நிறம். விரலால் இழுத்தால் நூல் விடுகிறது, சில நாளில் கறுத்து இறுகுகிறது.

ஃபிரீசரில் வைத்து இடித்த அரக்கு 5 கிராமுக்கு 70% எதனோல் 50 மில்லிலீற்றர் ஊற்றி, இருட்டில் ஊறவிட்டு, மெழுகு உறையக் குளிரவைத்து வடித்தோம். பிறகு டீ.எல்.சி. தகட்டில் (கலவையின் கூறுகளைத் தனித்தனிக் கோடாகப் பிரித்துக் காட்டும் மென்படலத் தகடு) மா, பலா, பைனஸ், கொறக்காப்புளி ஆகியவற்றின் பிசினோடு சேர்த்து ஓட்டினோம். பலாப்பால் எதனோலில் திரண்டுபோனது. கொறக்காப்புளியின் மஞ்சள் கோடு பொருந்துகிறது. அதற்கு மேலே ஓடும் செம்மஞ்சள் கோடுதான் எதனுடனும் சேரவில்லை. அரக்கில் ஒட்டிய மகரந்தத்தையும் நுணுக்குக்காட்டியில் பார்த்தாயிற்று. அது தேனீ போன பூவைத்தான் காட்டும், பிசின் மரத்தை அல்ல.

பின்காலில் பளபளக்கும் உருண்டையோடு தேனீக்கள் வருவது கிழக்குச் சரிவிலிருந்து. அங்கே மிளகு ஏறிய கிளிரிசீடியா, கொக்கோ, பாக்கு, ஓடையோரக் காட்டு மரங்கள். இவ்வளவு சின்னத் தேனீ பெரும்பாலும் சில நூறு மீற்றருக்கு அப்பால் போகாது.

இந்தச் சரிவில் வளரக்கூடிய எந்த மரத்தின் பிசினை அடுத்துத் தகட்டில் ஏற்றிப் பார்க்கலாம்?