விலகுமுகம்: பழைய கட்டளை எழுதுமுறைகளுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் போன்ற கணினிகளில் வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட், முதல் வரிகளைக் காட்டும் ஹெட், கடைசி வரிகளைக் காட்டும் டெய்ல் ஆகிய கட்டளைகளின் செய்திகளைத் தமிழாக்கும்போது, பழைய எழுதுமுறைகளைக் குறிக்கும் 'ஆப்சொலீட்' என்பதற்கு 'வழக்கொழிந்த' என்று போடலாம் என நண்பர் எழுதியிருந்தார். வேறு இருவரும் ஆமோதித்துவிட்டார்கள். மொழிபெயர்ப்புக் கோப்பை முடிப்பதற்குள் என் மறுப்பைச் சொல்லிவிட விரும்புகிறேன். நல்ல சொல்தான். ஆனால் இந்த இடத்தில் அது உண்மையைச் சொல்லவில்லை.

வழக்கு என்பது மக்கள் புழங்குவது. ஒரு கோப்பின் முதல் ஐந்து வரிகளைப் பார்க்க 'ஹெட் -என் 5' என்று எழுத வேண்டும் என்கிறது யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரம். நம்மில் எத்தனை பேர் அப்படி எழுதுகிறோம்? கை தானாக 'ஹெட் -5' என்றுதான் தட்டுகிறது. லினக்ஸில் பரவலாக உள்ள குனு தொகுப்பின் ஹெட்டும் அதை மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. ஆள் குடியிருக்கும் வீட்டைப் பாழ்வீடு என்று எழுதி வைக்கலாமா?

நடந்தது இதுதான். 1992 செப்டம்பர் தேதியிட்ட போசிக்ஸ் தரம் இந்தப் பழைய வடிவங்களுக்கு 'ஆப்சொலெசென்ட்' என்று குறியிட்டது. மென்பொருள்கள் தொடர்ந்து ஏற்க வேண்டும், ஆனால் புதிதாக எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டும் என்று பொருள். 2001 டிசம்பர் தரம் அவற்றை எடுத்தே விட்டது. இடையில் ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டுகளும் 'சார்ட் +1' (ஒவ்வொரு வரியிலும் முதல் புலத்தை, அதாவது முதல் சொல்லை, விட்டுவிட்டு வரிசைப்படுத்து) பிழையான கட்டளையும் அல்ல, பரிந்துரைக்கப்பட்ட கட்டளையும் அல்ல. அந்த நிலைக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும். பிறகு 2008 தரம் இறங்கிவந்து, 'சார்ட் +1' என்பதை மென்பொருள் பழையபடியோ புதியபடியோ பொருள்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. ஒழிந்தது திரும்பி வராது. இது திரும்பி வந்திருக்கிறது.

இதில் சொல் ஏன் முக்கியம் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த அலுவலகத்தில் தினசரிப் பட்டியல் ஒன்றின் தலைப்பு வரியை நீக்கிவிட்டு எஞ்சியதைக் கூட்டிச் சொல்லும் ஸ்கிரிப்ட் (கட்டளைகளைத் தொகுத்து எழுதிய கோப்பு) ஓடிக்கொண்டிருந்தது. அதில் 'டெய்ல் +2 பட்டியல்' என்று ஒரு வரி. இரண்டாம் வரியிலிருந்து கடைசி வரை கொடு என்று பொருள். சர்வரைப் புதுப்பித்தார்கள். மறுநாளிலிருந்து அறிக்கையில் பத்தே வரிகள். உச்சியில் '==> பட்டியல் <==' என்று நாங்கள் எழுதாத ஒரு வரி. புதிய தரத்தைப் பின்பற்றிய டெய்ல், '+2' என்பதை ஒரு கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு கோப்பு இல்லை என்று பிழைப்பதிவில் முறையிட்டது. அடுத்த கோப்பான பட்டியலுக்கு, இரண்டு கோப்புகள் கேட்டதால் தலைப்பிட்டு, தன் இயல்புப்படி கடைசிப் பத்து வரிகளைக் கொடுத்தது. ஸ்கிரிப்ட் நிற்கவில்லை. பிழைப்பதிவை யாரும் திறக்கவில்லை. கூட்டுத்தொகை மட்டும் நாள்தோறும் தவறாகப் போய்க்கொண்டிருந்தது.

இதைத் தமிழ் இலக்கணத்தின் கண்ணால் பார்த்தால் தெளிவாகிறது. கட்டளை என்பது ஏவல் வினை. எதன்மீது அந்த வினை நிகழ்கிறதோ அந்தக் கோப்பு செயப்படுபொருள். எப்படி நிகழ வேண்டும் என்று சொல்வது அடை. '+2' என்பது முந்தின நாள்வரை அடை, மறுநாள் செயப்படுபொருள். எழுத்து மாறவில்லை, இலக்கண உறுப்பு மாறிவிட்டது. 'ஆப்பரண்ட்' என்பதற்குச் 'செயப்படுபொருள்' என்றே போடுவோம் என்று இதனால்தான் வற்புறுத்துகிறேன். பள்ளியில் படித்த எவருக்கும் அகராதி தேவைப்படாது. 'ஆப்ஷன்' என்பதற்கும் அதே வழியில் 'அடை' என்று வைக்க எனக்கு ஆசை இருந்தது. ஆனால் இலங்கை நண்பர்கள் சொன்ன 'தெரிவு' ஏற்கெனவே பல மென்பொருள்களில் பதிந்துவிட்டது, குறுகியதும்கூட. அதற்கு ஒத்துக்கொள்கிறேன். 'விருப்பத்தேர்வு' வேண்டாம். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையில், ஆவணக்கோப்பின் பெயரைக் கட்டளை வரியில் சொல்ல 'எஃப்' தெரிவு தேவை. அதில் விருப்பம் எங்கே வந்தது?

டாரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. 'பழைய' என்று எளிமையாகப் போட்டுவிடலாமே என்றும் ஒரு யோசனை வந்திருந்தது. குனு டார் மூன்று விதமாக எழுத இடம் கொடுக்கிறது: கோடில்லாமல் எழுத்துகளைச் சேர்த்து எழுதும் பழைய முறை, ஒற்றைக் கோட்டுடன் குறுந்தெரிவு, இரட்டைக் கோட்டுடன் முழுச்சொல்லாக நெடுந்தெரிவு. கோடில்லாத முறைதான் மூத்தது. ஆனால் அதை எழுதினால் எந்த எச்சரிக்கையும் வருவதில்லை. ஆக, பழையதாக இருப்பது வேறு, போகச் சொல்லப்பட்டிருப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் படிப்பவர் டாரையும் மாற்றி எழுத உட்கார்ந்துவிடுவார்.

நம் கைக்குப் பழகிய ஓர் ஒப்பு இருக்கிறது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் 'செல்லாது' என்றார்கள். 2023 மே மாதத்தில் 2000 ரூபாய்த் தாளைப் 'புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுகிறோம், ஆனால் செல்லும்' என்றது ரிசர்வ் வங்கி. இரண்டாவதுதான் ஆப்சொலெசென்ட். கடையில் கொடுத்தால் தவறில்லை. புதிதாக அச்சிட்டு வராது. 'செல்லாத' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஆனால் ஒருபோதும் இருந்திராத தெரிவைத் தட்டினால் வரும் செய்திக்கு 'செல்லாத தெரிவு' என்றுதான் எழுதி வருகிறோம். அதைக் கலைக்கக் கூடாது.

என் முன்மொழிவு: விலகுமுகம்.

ஏறுமுகம், இறங்குமுகம் என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். விலை இறங்குமுகத்தில் இருக்கிறது என்றால் இன்னும் அடிமட்டத்துக்கு வந்துவிடவில்லை, திசை மட்டும் தெரிகிறது என்று பொருள். விலகுமுகத்தில் இருக்கும் எழுதுமுறையும் அப்படித்தான்: இன்னும் இங்கேதான் இருக்கிறது, முகம் வாசலைப் பார்த்திருக்கிறது. 'இனிப் பயன்படுத்த வேண்டாம்' என்ற பொருளில் வரும் 'டெப்ரிகேட்டட்' என்பதற்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். உண்மையாகவே எடுத்துவிட்டதற்கு 'நீக்கப்பட்ட' போதும். 'விலக்கிய' என்று போட்டால் திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும்.

'கைவிடப்பட்ட' என்பதை நான் ஏற்காததற்குக் காரணமும் இதுவே. அது முடிந்துபோன வினை. மேலும், யாரும் கைவிடவில்லை.

'சின்டாக்ஸ்' என்பதற்கு எழுதுமுறை என்கிறேன், தொடரியல் என்று சொல்லவில்லை. தொடரியல் ஒரு துறையின் பெயர். பயனர் தட்டுவது துறையை அல்ல.

செய்தியாக எழுதிப் பார்த்தேன். முதல் வரைவு: "'-1' என்ற தெரிவு வழக்கொழிந்தது, '-என் 1' பயன்படுத்தவும்." இதைப் படிப்பவர் வேலை நடந்ததா இல்லையா என்று தெரியாமல் திகைப்பார். இரண்டாவது: "'-1' என்ற எழுதுமுறை விலகுமுகத்தில் உள்ளது, இனி '-என் 1' என எழுதுக." இதில் 'இனி' என்ற ஒரு சொல் பெரிய வேலை செய்கிறது. இப்போதைக்கு நடந்துவிட்டது, அடுத்த முறை மாற்று என்பது அதிலேயே வந்துவிடுகிறது. நீக்கப்பட்டுவிட்ட இடங்களில் 'இனி' வரக் கூடாது: "இந்த எழுதுமுறை நீக்கப்பட்டது, '-என் 1' என எழுதுக."

சார்ட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒரு குறிப்பு வேண்டும். பழைய '+1' என்பது எத்தனை புலங்களைத் தாண்ட வேண்டும் என்று எண்ணுகிறது. புதிய '-கே' எந்தப் புலத்தில் தொடங்க வேண்டும் என்று எண்ணுகிறது. ஆகவே 'சார்ட் +1' என்பது 'சார்ட் -கே 2'. எண்ணை அப்படியே பெயர்த்து எழுதுபவர் தவறான புலத்தில் வரிசைப்படுத்துவார், பிழைச்செய்தியும் வராது. கையேட்டில் இந்த வரியைத் தமிழில் தனிப்பத்தியாக வைப்போம். பழையதும் புதியதுமான எந்த இயந்திரத்திலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகளுக்கு, 'ஹெட் -5' என்பதைத் தவிர்த்து, செட் என்ற வேறொரு கட்டளையால் 'செட் 5க்யூ' (ஐந்தாம் வரியோடு நிறுத்து) என்று எழுதச் சொல்லும் குனு கையேட்டின் அறிவுரையையும் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும்.

சார்ட் கோப்பில் மட்டும் 'விலகுமுகம்' போட்டு வைத்திருக்கிறேன். மற்ற இரண்டிலும் இன்னும் கை வைக்கவில்லை. ஏறுமுகம், இறங்குமுகம் என்பவை யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பேச்சிலும் இதே பொருளில்தான் வழங்குகின்றனவா? அங்கே 'முகம்' வேறு விதமாகக் காதில் விழும் என்றால் இப்போதே சொல்லுங்கள், வேறு சொல் தேடுவோம்.