கராஜில் கோல்ஃப் சிமுலேட்டர்: 10 அடி கூரை போதுமா?

மார்க்கம்வாசி:
அண்ணாமாரே, டொராண்டோ பக்கம் நவம்பர் கடைசியில் மைதானங்களைப் பூட்டினால் ஏப்ரல் வரை மட்டைப் பை மூலையில்தான். இந்தக் குளிருக்கு வீட்டிலேயே சிமுலேட்டர் (திரையில் அடித்த பந்து மைதானத்தில் எங்கே போயிருக்கும் என்று காட்டும் ஏற்பாடு) போடலாம் என்று இருக்கிறேன். பேஸ்மெண்ட் கூரை 8 அடிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு கார் கராஜ் 19 அடி அகலம், 20 அடி நீளம், கூரை 10 அடி. நான் 5 அடி 10 அங்குலம், வலக்கை. மகனுக்கு 13 வயது, இடக்கை. 5000 கனேடிய டாலருக்குள் முடிய வேண்டும். அடித்த பந்தை அளக்கும் மெஷின்களில் கார்மின் ஆர்10, மீவோ பிளஸ், ஸ்கைட்ராக் என்று பார்த்துப் பார்த்துத் தலை சுற்றுகிறது. எதை வாங்கலாம்?

கராஜ்காரன்:
தம்பி, மெஷினைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் பேஸ்மெண்டை மறந்துவிடுங்கள். உங்கள் உயரத்துக்கு அங்கே குட்டையான வெட்ஜ் மட்டையால் அடிக்கலாம், நீளமான டிரைவர் மட்டையைத் தூக்கினால் கூரையின் ட்ரைவாலில் ஓட்டைதான். இடிக்காவிட்டாலும், இடித்துவிடுமோ என்ற பயத்திலேயே ஸ்விங் குறுகிப்போகும். வசந்தத்தில் மைதானத்துக்குப் போகும்போது அதுவும் கூடவே வரும்.

கராஜ் 10 அடி என்கிறீர்கள். அளந்தது கூரையையா, கதவின் தண்டவாளத்தையா? பின்சுவரில் பந்தைத் தாங்கும் திரை, அதிலிருந்து 10 அடி தள்ளிப் பந்து என்று வைத்தால், கதவைத் தூக்கும் மோட்டார் கிட்டத்தட்ட உங்கள் தலைக்கு மேலேயே தொங்கும். என் கராஜில் அப்படித்தான் இருந்தது. தண்டவாளத்தைக் கூரையை ஒட்டி உயர்த்தி, மோட்டாரைப் பக்கச் சுவருக்கு மாற்றினோம். கதவுக்காரரைக் கூப்பிட்டே செய்யுங்கள். கதவு ஸ்பிரிங்கில் இருக்கிற இறுக்கம் கையை முறித்துவிடும்.

இனி நீளம். திரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு அடியாவது விடுங்கள். திரையை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பந்து நேராக உங்கள் முழங்காலுக்குத் திரும்பி வரும், கொஞ்சம் தொய்வாகத் தொங்கட்டும். ஆர்10, மீவோ பிளஸ் மாதிரி ரேடார் மெஷின் பந்துக்குப் பின்னால் 7 அடியில் உட்காரும். 1, 10, 7, ஆக 18 அடி. உங்கள் 20 அடிக்குள் அடங்கிவிடும்.

மகன் இடக்கை என்பதுதான் இங்கே முக்கியம். ஸ்கைட்ராக் மாதிரி கேமரா மெஷின் பந்துக்குப் பக்கத்தில், ஆடுபவரைப் பார்த்தபடி இருக்கும். ஆள் மாறும்போதெல்லாம் அதைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும். நீங்களும் மகனும் மாறி மாறி அடித்தால் மூன்றாவது ஹோலுக்குள் எரிச்சல் வரும். ரேடாரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 10 அடி தூரத்தில் பந்தின் சுழற்சியை அது சரியாகப் பார்க்க முடியாது. வீட்டுக்குள் ஆர்10 காட்டும் ஸ்பின் பெரும்பாலும் கணக்குப் போட்டுச் சொல்வதுதான். மீவோ பிளஸ் வாங்கினால் பந்தில் சின்ன உலோக ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ரேடாருக்கென்றே டைட்லிஸ்ட் ஆர்சிடி பந்துகளும் இருக்கின்றன, விலைதான் கூட. உங்கள் பட்ஜெட்டுக்கு நான் ஆர்10 என்பேன்.

மிஞ்சும் காசை, நின்று அடிக்கும் மேட் (விரிப்பு) வாங்கப் போடுங்கள். கீழே கான்கிரீட். மலிவான மெல்லிய மேட்டில் ஒரு குளிர்காலம் அயர்ன் மட்டையால் அடித்தால் முழங்கை போய்விடும், அப்புறம் பிசியோவுக்குக் கட்ட வேண்டியதுதான்.

நளினி:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதவு வேலை, ஹீட்டர், கரண்ட் பில், ப்ரொஜெக்டர், ஜிஎஸ்ப்ரோ என்ற சிமுலேட்டர் மென்பொருளை ஓட்ட கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர், அதற்கு ஆண்டுச் சந்தா. 5000 எங்கே நிற்கும்? நாங்கள் நாலு பேர் சேர்ந்து இண்டோர் சென்டரில் ட்ராக்மேன் மெஷின் வைத்த அறையை மணிக்கணக்கில் எடுக்கிறோம். பங்கு போட்டால் வலிக்காது. மெஷினும் இதையெல்லாம்விடப் பல மடங்கு உசத்தி.

கராஜ்காரன்:
பெரியவர்களுக்குச் சரிதான் நளினி. 13 வயதுப் பையன் ஸ்கூல் விட்டு வந்து அரை மணி நேரம் அடிக்க வேண்டுமென்றால் யார் கூட்டிப்போவது? ப்ரொஜெக்டரும் கம்ப்யூட்டரும் இந்த வருடம் வேண்டாம். நல்ல வலை, மேட், ஆர்10, பழைய டேப்லெட். போதும்.

மார்க்கம்வாசி:
அளந்துவிட்டேன். மோட்டாரின் அடிப்பாகம் 8 அடியில், சரியாகத் தலைக்கு மேல்! கதவுக்காரர் சனிக்கிழமை வருகிறார். இன்னொரு சிக்கல்: பனி கொட்டும்போது கார் உள்ளேதான் நிற்க வேண்டும் என்று மனைவி கறார். என்ன செய்வது?

கராஜ்காரன்:
ஆடும்போது மட்டும் காரை வெளியே எடுங்கள். வலையைச் சட்டம் போட்டு நிரந்தரமாக நிறுத்தாமல், கம்பியில் திரைச்சீலை போல ஓடவிடுங்கள். பக்கவாட்டிலும் வலை வேண்டும், மட்டையின் கழுத்தில் பட்டுப் பக்கவாட்டில் பறக்கும் ஷாங்க் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மேட்டை இரண்டு துண்டாக வாங்கினால் சுவரில் சாய்த்து வைக்கலாம். டயரில் ஒட்டி வரும் உப்புத் தண்ணீர் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ப்ரொஜெக்டர் மாட்டுவதென்றால், முதலில் கதவை முழுக்கத் திறந்து அது எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு கூரையில் துளை போடுங்கள்.